சொன்னார், பிரித்தார், கண்டார்: படைப்புக் கதை காட்டும் கடவுளின் குணம்

வெள்ளவத்தையில் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வேதத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கியவர்களோடு ஒரு மணித்தியாலம் உட்காருவது என் வழக்கம். வேதத்தின் முதல் நூலான ஆதியாகமம், கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதையோடு தொடங்குகிறது. அதைத் திறந்தால் போதும், கேள்விகள் வரிசையாக வரும். ஆறு நாள் என்பது 24 மணித்தியால நாளா? டைனோசர் எந்த நாளில்? சூரியன் நான்காம் நாளில்தான் வந்தது என்றால் முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? ஆளுக்கொரு விளக்கம் சொல்லுவார்கள். யூடியூப்பில் பார்த்தது, பள்ளிக்கூடத்தில் படித்தது, யாரோ போதகர் சொன்னது எல்லாம் கலந்து வரும். பிளேன்டீ வந்துவிடும், கலைந்துவிடுவோம்.

இந்தக் கேள்விகள் தவறானவை அல்ல. அந்த நாட்கள் எப்படிப்பட்டவை என்று சொல்வது கடினம் என்று புனித அகுஸ்தினார் (354–430) 1,600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். இன்றும் கிறிஸ்தவர்கள் இதில் ஒரே கருத்தில் இல்லை. அதை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. என் ஆதங்கம் வேறு. 31 வசனமுள்ள முதல் அதிகாரத்தில் மூல எபிரேயத்தில் கடவுளைக் குறிக்கும் சொல் 32 தடவை வருகிறது. ஏறத்தாழ ஒவ்வொரு வரியிலும் அவர் நிற்கிறார். நாமோ அவரை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் விசாரிக்கிறோம்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். புரட்டஸ்தாந்து சபைகளில் ஆதியாகமம் என்பதைக் கத்தோலிக்கர் தொடக்கநூல் என்பார்கள். தேவன், கர்த்தர் என்று நாங்கள் சொல்வதை அவர்கள் கடவுள், ஆண்டவர் என்பார்கள். நூல் ஒன்றுதான். சிருஷ்டி என்றாலும் படைப்பு என்றாலும் பொருள் ஒன்றுதான்.

## குணம் வினையில் தெரியும்

ஒருவரின் குணத்தை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்? 2022இல் கொழும்பில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், எங்கள் மேல்வீட்டு அன்ரி பொழுது சாய்ந்ததும் ஒரு மெழுகுதிரியைச் சிரட்டைக்குள் ஒட்டவைத்து, மாடிப்படி திரும்பும் இடத்தில் ஏற்றிவைப்பார். பிறகு நாலாம் மாடி ஐயாவின் கதவைத் தட்டி, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குள் போவார். அவர் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஏற்றினார், தட்டினார், கேட்டார். அதற்குப் பிறகு அவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

படைப்புக் கதையும் இப்படித்தான் பேசுகிறது. முதல் இரண்டு அதிகாரங்களில் கடவுள் அன்பானவர் என்று ஒரு வரி கிடையாது. வல்லவர், நீதியுள்ளவர் என்றும் கிடையாது. அவரைப் புகழும் அடைமொழியே இல்லை. இருப்பவை எல்லாம் வினைச்சொற்கள்: சொன்னார், கண்டார், பிரித்தார், பேரிட்டார், ஆசீர்வதித்தார், ஓய்ந்திருந்தார். வகுப்புக்கு வருபவர்களிடம் நான் ஒரு பென்சிலைக் கொடுத்து, கடவுள் செய்யும் ஒவ்வொரு வினைக்கும் கீழே கோடிடச் சொல்லுவேன். இந்தக் கட்டுரையும் அந்தக் கோடுகளின் வழியேதான் போகிறது.

## தேவை இல்லாமல் படைத்தவர்

பம்பலப்பிட்டியில் என்னோடு வேலைசெய்த சைவ நண்பர் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "உங்கட கடவுளுக்கு உலகம் எதுக்குத் தேவைப்பட்டது? தனிய இருக்க ஏலாமப் போச்சா?" எங்கள் வகுப்பில் யாரும் கேட்காத, ஆனால் எல்லாரும் கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

நாம் ஒன்றைச் செய்வது பெரும்பாலும் ஏதோ குறை இருப்பதால்தான். பசித்தால் சமைக்கிறோம், ஒழுகினால் கூரையைத் திருத்துகிறோம். பழைய உலகத்தில் பலர் தெய்வங்களையும் அப்படியே எண்ணினார்கள். பாபிலோனியரின் படைப்புக் கதை எழுதப்பட்ட களிமண் பலகைகள் 19ஆம் நூற்றாண்டில், இன்றைய ஈராக்கில், நினிவே நகரத்தின் இடிபாடுகளில் கிடைத்தன. அதில் மர்துக் என்ற தெய்வம், கடலின் உருவான தியாமத்தைப் போரில் கொல்கிறது. கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல அவளை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை வானமாக நிறுத்துகிறது. பிறகு, தோற்ற தெய்வம் ஒன்றின் இரத்தத்திலிருந்து மனிதர்கள் உண்டாகிறார்கள். எதற்கு? தெய்வங்களின் வேலைப்பளுவைச் சுமக்க.

கி.மு. 586இல் எருசலேம் விழுந்தபோது யூதர்கள் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்படிப்பட்ட கதைகள் ஓதப்பட்ட ஊரில் அவர்கள் அகதிகளாக வாழ்ந்தார்கள். அகதியாக இருந்தவர்களுக்குத் தெரியும், வென்றவனின் கதை எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்று. அந்தக் காதோடு ஆதியாகமத்தைக் கேட்டுப் பாருங்கள். போர் இல்லை. எதிரி இல்லை. கடலின் பெரிய உயிரினங்களையும், தமிழ் வேதாகமம் மகா மச்சங்கள் என்பவற்றை, அவரே உண்டாக்குகிறார். மனிதர் வந்த பிறகு அவர்களிடம் உணவு கேட்கவில்லை. முதல் அதிகாரத்தின் 29ஆம் வசனத்தில் (1:29) அவர்தான் அவர்களுக்கு உணவு கொடுக்கிறார்: விதை தரும் பூண்டு, கனி தரும் மரம். அடுத்த வசனத்தில் மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் கொடுக்கிறார். சமையலறைப் பக்கம் நிற்பவர் கடவுள்.

இங்கே இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் வசனத்தில் சிருஷ்டித்தார் என்று வரும் எபிரேய வினை 'பாரா'. படைத்தல் என்ற பொருளில் பழைய ஏற்பாடு இந்த வினையைக் கடவுளுக்கு மட்டுமே வைத்திருக்கிறது. குயவர் பானை செய்வதற்கும் தச்சு பாஸ் கதிரை செய்வதற்கும் இது வராது. இன்னொன்று 'இன்மையிலிருந்து படைத்தல்'. முன்பே இருந்த மூலப்பொருள் எதையும் எடுத்துக் கடவுள் உலகத்தைச் செய்யவில்லை என்பது இதன் பொருள். இந்தச் சொற்றொடர் ஆதியாகமத்தில் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டு முதல் சபையின் ஆசிரியர்கள் தெளிவாக வகுத்துச் சொன்ன போதனை இது. தமிழ் வாசகருக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் அயலில் வேறொரு ஆழமான சிந்தனை இருக்கிறது. சைவசித்தாந்தம் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை, என்கிறது. கிறிஸ்தவம் தொடக்கமில்லாதவர் கடவுள் ஒருவரே, மற்ற எல்லாம் கொடுக்கப்பட்டவை என்கிறது. இரண்டையும் ஒன்று என்று சொல்லிவிடுவது இரண்டுக்கும் செய்யும் அநியாயம்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். குறை இருந்து அவர் செய்யவில்லை. பேரப்பிள்ளை பிறக்கும் முன்பே அம்மம்மா சின்னச் சட்டை தைத்து மடித்து வைப்பாரே, அதற்குக் கிட்ட வரும். அந்தச் சட்டையை அம்மம்மா போடப்போவதில்லை.

இதுவரை பார்த்தது: படைப்புக் கதை கடவுளின் குணத்தை அவருடைய வினைகளால் காட்டுகிறது. முதலில் தெரிவது, பெறுவதற்காக அல்லாமல் கொடுப்பதற்காகச் செய்கிறவர் அவர் என்பது.

## ஒழுங்கு: மேசன்பாஸின் தண்ணீர்க் குழாய்

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் அனெக்ஸ் கட்டினார். மேசன்பாஸ் வந்த முதல் நாள் ஒரு கல்கூட வைக்கவில்லை. உள்ளே தண்ணீர் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயை எடுத்து, ஒரு முனையை ஒரு மூலையிலும் மறுமுனையை எதிர்மூலையிலும் பிடித்து, தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து, பென்சிலால் கோடு போட்டார். பிறகு நூல் கட்டினார். இது அறை, இது குசினி, இது குளியலறை. வெறும் மண்ணில் நூல்தான் இருந்தது. ஆனால் அன்று மாலையே வீட்டுக்காரர் அந்த நூலுக்கு உள்ளே நின்று, கட்டில் எங்கே போடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

ஆதியாகமம் 1:2 சொல்கிறது: "பூமியானது ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது." இரண்டு குறைகள். ஒழுங்கில்லை, உள்ளே ஒன்றும் இல்லை. ஆறு நாட்களும் இந்த இரண்டுக்கும் பதில். முதல் மூன்று நாளும் பிரிக்கும் வேலை: வெளிச்சமும் இருளும், மேல் நீரும் கீழ் நீரும், கடலும் தரையும். மூன்றாம் நாளின் முடிவில் தரை பச்சையாகிறது. அடுத்த மூன்று நாளும் நிரப்பும் வேலை, அதே வரிசையில். முதல் நாளின் வெளிச்சத்துக்கு நான்காம் நாளில் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள். இரண்டாம் நாளின் வானத்துக்கும் நீருக்கும் ஐந்தாம் நாளில் பறவைகளும் மீன்களும். மூன்றாம் நாளின் தரைக்கு ஆறாம் நாளில் மிருகங்களும் மனிதர்களும். அறை முதலில், குடியிருப்பவர் பிறகு. நான்காம் நாளில் ஏன் சூரியன் என்று கேட்பவர்கள் முதலில் இந்த அமைப்பைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சூரியனுக்குப் பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை. பெரிய சுடர், சிறிய சுடர் என்றுதான் வசனம் சொல்கிறது. அக்கம்பக்கத்து நாடுகளில் சூரியனும் சந்திரனும் தெய்வங்கள். இங்கே அவை பகலையும் இரவையும் காட்டும் விளக்குகள். கிரகங்களுக்குப் பயந்து வாழ்ந்த மக்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைச் செய்தி என்று நமக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை.

ஒழுங்கு என்றதும் பலர் கண்டிப்பான பிரின்சிபலை நினைக்கிறார்கள். மேசன்பாஸை நினையுங்கள். அவர் நூல் கட்டுவது உள்ளே ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதற்காக. "பிரித்தார்" என்ற வினைக்குப் பின்னால் இருக்கும் குணம் அதுதான்.

## அவர் மட்டும் செய்வதில்லை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம். "பூமியானது முளைப்பிக்கக்கடவது" என்கிறார், முளைப்பிப்பது பூமி. இரண்டாம் அதிகாரத்தில் மிருகங்களை ஆதாமிடம் கொண்டுவருகிறார், அவன் "என்ன பேரிடுவான் என்று பார்க்கும்படி". அதைக் கவனியுங்கள். எல்லாம் அறிந்தவர் என்று நாம் அறிக்கையிடும் கடவுள், பிள்ளை வாய்திறந்து என்ன சொல்லப்போகிறது என்று பார்க்கும் தகப்பனைப்போல நிற்கிறார். அவன் வைத்த பெயரையே பெயராக ஏற்றுக்கொள்கிறார். திருத்தவில்லை.

## நல்லது என்று கண்டார்

"நல்லது" என்ற தீர்ப்பு முதல் அதிகாரத்தில் ஏழு தடவை வருகிறது. இரண்டாம் நாளில் வரவில்லை, மூன்றாம் நாளில் இரண்டு தடவை வருகிறது, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது "மிகவும் நன்றாயிருந்தது". இதில் நாம் தவறவிடுவது, முதல் ஐந்து நாட்களிலும் மனிதர் இல்லை என்பது. நமக்குப் பயன்படுமா என்று பார்க்குமுன்பே கடலும் புல்லும் நல்லவை. கதையில் முதல் ஆசீர்வாதத்தைப் பெறுவதும் நாம் அல்ல, ஐந்தாம் நாளின் மீன்களும் பறவைகளும் (1:22). பலுகிப் பெருகுங்கள் என்ற சொல்லை நம் கலியாண வீடுகளில் கேட்டிருக்கிறோம். அது முதலில் மீனுக்குச் சொல்லப்பட்டது.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் ஒரு சரக்குக் கப்பல் தீப்பற்றியது, ஜூனில் மூழ்கியது. அதிலிருந்த 1,600 தொன்னுக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் குறுணிகள் கடலில் கலந்து மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. கையில் அள்ளிப் பார்த்தால் சவ்வரிசிபோல இருக்கும். கடற்கரை மணலைச் சலித்தால் மணலைவிட அதுதான் கூடுதலாக நின்ற இடங்கள் உண்டு. செத்த ஆமைகள் கரையேறின. மீனவர்கள் வள்ளத்தை இறக்க முடியாமல் இருந்தார்கள். முதல் ஆசீர்வாதம் பெற்றவர்களுக்கு நாம் செய்தது இது.

"ஆண்டுகொள்ளுங்கள்" என்ற 1:28இன் கட்டளையைச் சிலர் அனுமதிச்சீட்டுப்போல எடுத்துக்கொள்கிறார்கள். பூமியை எப்படியும் பயன்படுத்தலாம் என்று பேசுகிறார்கள். ஆனால் அந்த வசனத்தைத் தனியே பிடுங்கி எடுக்க முடியாது. இதுவரை அந்த அதிகாரத்தில் ஆண்டது யார்? கடவுள். அவர் எப்படி ஆண்டார்? உணவு கொடுத்து, இடம் ஒதுக்கி, ஆசீர்வதித்து. அதைப்போல ஆளச் சொல்கிறார். இரண்டாம் அதிகாரம் இன்னும் வெளிப்படையாக, மனுஷனைத் தோட்டத்தில் வைத்தது அதைப் "பண்படுத்தவும் காக்கவும்" என்கிறது. பண்படுத்த என்று வரும் எபிரேய வினைக்குச் சேவைசெய்தல் என்ற பொருளும் உண்டு.

சுருக்கமாக: கடவுள் ஒழுங்குபடுத்துவது உயிர்கள் வாழ்வதற்காக, வேலையைப் பகிர்ந்துகொள்கிறார், மனிதர் வருமுன்பே உலகத்தை மதிக்கிறார்.

## சாயல் யாருடையது

கடவுள் மனிதரைத் தம் சாயலாகப் படைத்தார் என்கிறது 1:27. இந்தத் தேவசாயல் என்ற சொல்லை வைத்துப் பெரிய பெரிய விளக்கங்கள் உண்டு. பழைய உலகத்தில் அதன் அடிப்படைப் பொருள் எளிது. அரசன் தான் நேரில் போகமுடியாத தேசத்தில் தன் சிலையை நிறுத்துவான்: இது யாருடைய நாடு என்று பார்ப்பவர் அறியவேண்டும். எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்று அழைக்கப்பட்டவர்கள் அரசர்கள். குயவனுக்கும் அடிமைக்கும் அந்தப் பட்டம் கிடையாது. ஆதியாகமம் அதை எடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறது: "ஆணும் பெண்ணுமாக அவர்களைச் சிருஷ்டித்தார்."

புறக்கோட்டையில் காலை பத்து மணிக்கு ஒரு நாட்டாமி வருவதைப் பார்த்திருப்பீர்கள். கைவண்டியில் தலைக்கு மேலே மூட்டைகள், சாரத்தை மடித்துக் கட்டியிருப்பார், பின்னால் முச்சக்கரவண்டி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கும், ஒருவர் ஏசுவார். அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இந்த வசனத்தை நம்புகிறவர் அந்த முகத்தைப் பார்த்தே ஆகவேண்டும். மலைநாட்டிலிருந்து வந்து கொழும்பு வீடுகளில் சமைக்கும் பிள்ளைகளின் முகத்தையும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கைகூப்பிவிட்டு வந்து, வீட்டில் வேலைசெய்யும் பிள்ளைக்குத் தனிக் கோப்பை ஒதுக்கி வைப்பதை நான் என் சொந்த உறவினர் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பையின் பிடி உடைந்திருந்தது. அதைப் பார்த்தும் அன்று நான் பேசாமல் இருந்துவிட்டேன் என்பது இன்றும் எனக்கு வலிக்கிறது.

## களைத்துப்போனாரா?

ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருந்தார் என்றதும் சிறுவர்கள் கேட்பது இது. 'சபாத்' என்று நாம் சொல்லும் ஓய்வுநாளின் வேர்ச்சொல்லுக்கு நிறுத்துதல் என்று பொருள். ஏசாயா 40:28 அவர் சோர்ந்துபோவதில்லை என்கிறது. வேலை நிறைந்தது, நிறுத்தினார். போதும் என்று சொல்லத் தெரிந்தவர். மற்ற ஆறு நாட்களின் முடிவிலும் வரும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற வரி ஏழாம் நாளுக்கு மட்டும் இல்லை.

இந்த ஓய்வை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. யாத்திராகமம் 20இல் பத்துக் கட்டளைகள் வரும்போது, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், வாசலுக்குள் இருக்கும் அந்நியன் எல்லாருக்கும் அந்த நாள் உண்டு என்று பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்ட சொல் அது.

## நல்லதாகப் படைத்தார் என்றால்

2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் வெடித்த குண்டையும் நினைவில் வைத்திருக்கும் ஊரில் இருந்துகொண்டு, எல்லாம் மிகவும் நன்றாயிருந்தது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைக்க முடியாது. படைப்புக் கதை எல்லாத் துன்பத்துக்கும் காரணம் சொல்வதில்லை. அது தரும் விளக்கத்தைவிடக் கூடுதலாக அதிலிருந்து எடுத்துத் துக்க வீட்டில் பேசுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவேண்டும். கோடிட்ட வினைகளில் ஒன்றுகூடத் தீமையைப் படைத்ததாக இல்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது. பாவம் வருமுன்பே ஒரு குறையைக் கடவுளே முதலில் கண்டு சொல்கிறார்: "மனுஷன் தனிமையாயிருப்பது நல்லதல்ல." மூன்றாம் அதிகாரத்தில் மனிதர் கட்டளையை மீறி ஒளிந்துகொண்டபோதும் அவருடைய முதல் பேச்சு கேள்விதான்: "நீ எங்கே இருக்கிறாய்?"

பிறகு தீர்ப்பு வருகிறது. வேதனை, முள், வியர்வை. தோட்டத்தைவிட்டு வெளியே போகவேண்டும். அதற்கு முன்பே அவர்கள் அத்தியிலைகளைத் தைத்து அரையில் கட்டியிருந்தார்கள். அது எத்தனை நாளைக்கு நிற்கும்? தீர்ப்புக்கும் வெளியேற்றத்துக்கும் நடுவில் ஒரு வசனம் இருக்கிறது, 3:21: கர்த்தர் அவர்களுக்குத் "தோல் உடைகளை உண்டாக்கி அவர்களுக்கு உடுத்தினார்."

போன மாதம் இந்த வசனத்தை வாசித்தபோது, வகுப்பில் பின்வரிசையில் இருக்கும் வயதான அம்மா ஒருவர், வழக்கமாகப் பேசாதவர், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "ஏசினாப் பிறகுமா தம்பி உடுப்புப் போட்டுவிட்டவர்?" என்று கேட்டார். ஓம் அம்மா, என்றேன். அவர் மறுபடியும் பென்சிலை எடுத்து, அந்தக் கடைசிச் சொல்லுக்குக் கீழே மெதுவாகக் கோடிட்டார்.